பெயரிழந்த படங்கள்: மலையக ஒளிப்படச் சேகரங்களும் மென்பொருள் மாற்றமும்

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குச் செல்லும் பாதை மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையோரமாக வளைந்து செல்கின்றது. சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகருள் பெரும்பாலார் அந்நீர்ப்பரப்பினை இயற்கையின் எழிலாகவே கண்டு கடந்து செல்வர். ஆயின் அந்நீரின் அடியில் ஓர் ஊர் கிடக்கின்றது. 1969ஆம் ஆண்டில் நீர்த்தேக்கம் நிறைவுற்றபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. மக்களும் கடைகளும் மேட்டு நிலத்திலே புதிதாக அமைந்த நகருக்குப் பெயர்ந்தனர். கடும் வரட்சியினால் நீர்மட்டம் தாழும்போது பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் வெளித்தெரிகின்றன. ஏனைய காலங்களில் அந்நகரைக் காண விரும்புவோர்க்கு எஞ்சியிருப்பவை முதியோரின் நினைவுகளும் சில பழைய ஒளிப்படங்களுமே.

முதியோரின் நினைவு அவர்களோடு மறையும். ஒளிப்படம் நிலைத்து நிற்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்நம்பிக்கை இன்று மறு ஆய்வுக்குரியதாகின்றது. காகிதத்தில் இருந்த படத்தை அழிப்பதற்குத் தீயோ வெள்ளமோ கறையானோ வேண்டியிருந்தது. கணினிக்குள் சென்ற படத்தை இழப்பதற்கு அவை எவையும் வேண்டியதில்லை. அதனை ஒழுங்குபடுத்திக் காட்டிய மென்பொருள் கைவிடப்பட்டாலே போதும். மலையக மக்களைப் பொறுத்தவரை இது வெறும் தொழில்நுட்பச் சிக்கல் அன்று. அவர்களுடைய வரலாற்றில் ஏற்கெனவே ஒரு தடவை நிகழ்ந்த இழப்பொன்று மீண்டும் நிகழ்வதாகும். இதனை விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரில்லா முகங்கள்

பெருந்தோட்டப் பயிர்ச்செய்கையும் ஒளிப்படக் கலையும் இலங்கையில் ஏறக்குறைய ஒரே நூற்றாண்டிலேயே வளர்ச்சி பெற்றன. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வரத் தொடங்கினர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராகச் செய்கை பண்ணினார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன் கம்பனியும், 1890இல் தொடங்கிய பிளாட்டே கம்பனியும் கொழும்பில் ஒளிப்பட நிலையங்களை நடத்தின. தோட்டக் காட்சிகள் ஐரோப்பியரின் தொகுப்பேடுகளுக்கும் அஞ்சலட்டைகளுக்கும் உரிய பொருளாயின.

அப்படங்களின் கீழே எழுதப்பட்ட குறிப்புகள் ஆழ்ந்து நோக்கற்பாலன. மலைகளின் பெயர்கள் உண்டு. தோட்டங்களின் பெயர்கள் உண்டு. துரைமாரின் பங்களாக்களுக்கும் பெயர்கள் உண்டு. ஆனால் கொழுந்துக் கூடையுடன் நிற்கும் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவள் ‘தேயிலை கொய்யும் தமிழ்ப் பெண்’ மாத்திரமே. ஆண்கள் ‘தமிழ்க் கூலிகள்’ எனப் பன்மையில் சுட்டப்பட்டனர்.

உலகப் புகழ் வாய்ந்த கலைஞர்களின் படைப்புகளும் இதற்கு விதிவிலக்கல்ல. ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதியில் காலமாகி, பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் முப்பதுக்கும் குறைவானவையே இன்று அறியப்பட்டுள்ளன. இங்கிலாந்திலே அவர் எடுத்த படங்களில் டென்னிசனும் டார்வினும் பெயரோடு வாழ்கின்றனர். இலங்கைப் படங்களிலுள்ள தொழிலாளரோ பெரும்பாலும் பெயரற்றோராகவே உலக அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டுள்ளனர்.

இத்தொழிலாளரின் பெயர்கள் எங்குமே எழுதப்படவில்லை எனக் கருதுதல் தவறு. சம்பளக் கணக்கிற்கெனத் தோட்ட அலுவலகம் வைத்திருந்த செக்ரோலில் அவை நாள்தோறும் குறிக்கப்பட்டன. பெயர்கள் ஓரிடத்தில் இருந்தன. முகங்கள் வேறோரிடத்தில் இருந்தன. இரண்டையும் இணைக்கும் தேவை ஆட்சியாளருக்கு இருக்கவில்லை. ஒளிப்படமொன்று வரலாற்றுச் சான்றாவது முகமும் பெயரும் இணையும்போதே என்னும் உண்மையை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

லயத்துச் சுவரில் தொங்கிய சான்றுகள்

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை ஓரளவு மாறியது. நகரங்களில் ஒளிப்பட நிலையங்கள் தோன்றியபின் தொழிலாளர் தாமே தமக்கெனப் படம் எடுப்பித்துக் கொண்டனர். திருமணப் படம், குழந்தையோடு எடுத்த படம், இறந்தோரின் மாலையிட்ட படம் ஆகியன லயத்துக் காம்பிராவின் சுவரில் இடம் பெற்றன.

அரசியல் நிகழ்வுகள் இப்படங்களுக்கு மேலும் ஒரு கனத்தை அளித்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரும் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அண்ணன் ஒரு நாட்டிற்கும் தங்கை மறு நாட்டிற்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பமொன்றிற்கு, பிரிவிற்கு முன் எடுக்கப்பட்ட குழுப்படம் அலங்காரப் பொருள் அன்று; ‘நாம் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்தோம்’ என்பதற்குரிய சாட்சி அது.

இப்படங்களின் பின்புறத்திலே சில வேளைகளில் பேனாவினால் ஒரு தேதியும் இரண்டொரு பெயர்களும் எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலேயரின் அஞ்சலட்டைகள் மறுத்த பெயரினை அந்த ஒற்றை வரி மீட்டுக் கொடுத்தது. காகிதப் படத்திற்குப் பின்புறம் என ஒன்று உண்டு. கணினியிலுள்ள படத்திற்கு அந்தப் பின்புறம் எது என்பதே அடுத்து எழும் வினாவாகும்.

கணினியும் படத்தின் பின்புறமும்

கணினியில் படம் ஒரு கோப்பாக இருக்கின்றது. படத்தைப் பற்றிய குறிப்பு இரண்டிடங்களுள் ஒன்றில் இருக்கலாம். ஒன்று, அக்கோப்பின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கலாம். அப்போது படம் எங்கு சென்றாலும் குறிப்பும் உடன் செல்லும். மற்றது, படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளின் தனித் தரவுத்தளத்தில் இருக்கலாம். அப்போது மென்பொருள் மறைந்தால் குறிப்பும் மறையும். இவ்விரண்டாம் முறை செக்ரோலையும் அஞ்சலட்டையையும் ஒத்ததாகும்: பெயர் ஓரிடம், முகம் வேறிடம்.

கூகிள் நிறுவனம் 2004இல் வாங்கி இலவசமாக வழங்கிய பிக்காசா என்னும் மென்பொருள் இதற்குத் தக்க சான்று. உலகெங்கும் எண்ணற்ற குடும்பங்கள் தம் படங்களை அதிலே தொகுத்தன. படத்தின் கீழ் எழுதப்பட்ட விளக்கத்தை அம்மென்பொருள் கோப்பினுள்ளேயே பதித்தது. ஆனால் முகங்களுக்கு இடப்பட்ட பெயர்களைப் பொதுவாக வேறு கோப்புகளிலும் தன் தரவுத்தளத்திலும் வைத்திருந்தது. 2016ஆம் ஆண்டில் கூகிள் பிக்காசாவைக் கைவிட்டது. புதிய மென்பொருள்களுக்கு மாறியவர்களின் கைக்குப் படங்கள் வந்து சேர்ந்தன. விளக்கங்களும் பெரும்பாலும் வந்து சேர்ந்தன. முகங்களுக்குரிய பெயர்களோ பலருக்கு வந்து சேரவில்லை. படங்கள் அழியாமையினால் இவ்விழப்பு உடனே உணரப்படுவதுமில்லை.

தமிழருக்கு இன்னுமோர் இடர் உண்டு. யுனிகோட் முறை பரவலாகுமுன் இலங்கையில் தமிழ்த் தட்டச்சுக்குப் பாமினி எழுத்துரு பெரிதும் பயன்பட்டது. அவ்வெழுத்துருவில் கணினி உண்மையில் சேமித்து வைத்தவை ரோமன் எழுத்துகளே. எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டியது. எழுத்துரு இல்லாத புதிய கணினியில் அக்குறிப்பைத் திறந்தால், பாட்டனாரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையே தோன்றும். பழைய எழுத்துருவினை அறியாத ஒருவர் அதனைப் பிழையெனக் கருதி அழித்துவிடவும் கூடும். யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உள்ளமையால் இவ்விடர் தீர்க்கக்கூடியதே. ஆயின் அது பாமினி என்று அறிந்தவர் ஒருவர் அங்கிருத்தல் வேண்டும்.

பெரு நிறுவனங்களும் இவ்வகை இடரிலிருந்து தப்பவில்லை. இங்கிலாந்தில் 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே ஏட்டின் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பி.பி.சி. நிறுவனம் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பங்களிப்புடன் ஊர் விவரங்களையும் ஒளிப்படங்களையும் லேசர்த் தட்டுகளில் தொகுத்தது. பதினைந்து ஆண்டுகள் கழிவதற்குள் அத்தட்டுகளை வாசிக்கும் கருவிகள் அருகிப் போயின. 2002ஆம் ஆண்டளவில் ஆய்வாளர்கள் பழைய கருவியின் செயலைப் புதிய கணினியிலே போலச்செய்து அவற்றை மீட்க வேண்டியதாயிற்று. தோலில் எழுதப்பட்ட மூல ஏடோ இன்றும் கண்ணால் வாசிக்கக் கூடியதாக உள்ளது.

ஆவணகம் தரும் படிப்பினை

ஈழத்துத் தமிழ் உலகில் இத்துறையில் முன்னோடியாக விளங்குவது 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகமாகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதன் நினைவு அம்முயற்சியின் பின்னணியில் உண்டு. அச்சு நூல்களுக்கு அப்பால் ஒளிப்படங்கள், ஒலிப்பதிவுகள் முதலியவற்றைப் பேணுவதற்கென நூலக நிறுவனம் ஆவணகம் என்னும் களஞ்சியத்தை அமைத்தது. ஐலண்டோரா என்னும் திறந்த மூல மென்பொருள் அதற்கு அடிப்படையாயிற்று. கனடாவின் பிரின்ஸ் எட்வேர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் 2006இல் தோன்றியது அம்மென்பொருள்.

ஐலண்டோராவின் பழைய தலைமுறை ட்ரூப்பல் 7 என்னும் வேறொரு மென்பொருளின் மேல் நிற்பது. ட்ரூப்பல் 7க்கான ஆதரவு 2025 ஜனவரி 5ஆம் திகதியுடன் முடிவுற்றது. எனவே அதன் மேல் அமைந்த உலகக் களஞ்சியங்கள் யாவும் புதிய தலைமுறைக்குப் பெயரவேண்டிய நிலை உருவாயிற்று. மூழ்கும் நகரிலிருந்து மேட்டு நிலத்துக்குப் பெயர்வது போன்றதே இது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. ஐலண்டோராவில் மூலப் படம் ஒரு கோப்பாகவும், அதன் பெயர், இடம், காலம் பற்றிய விவரம் எவரும் வாசிக்கத்தக்க பொது நியமத்திலமைந்த மற்றொரு கோப்பாகவும், இரண்டும் ஒரே அடையாளத்தால் பிணைக்கப்பட்டு வைக்கப்படுகின்றன. மென்பொருளுக்குள் அவை சிறைப்பட்டிருக்கவில்லை. ஆதலால் பெயர்வது கடினமான வேலையேயெனினும் இயலாத வேலை அன்று.

இதிலிருந்து பெறத்தக்க முடிவு தெளிவானது. நிலைத்து நிற்கும் மென்பொருளைத் தேடுவது பயனற்றது, அப்படியொன்று இல்லை. மென்பொருளை விட்டு வெளியேறும் வழியை, அதனுள் நுழையும் நாளிலேயே அமைத்துக் கொள்வதே அறிவுடைமை.

செய்யத் தக்கன

இம்முடிவினைச் செயற்படுத்தப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. பழைய மென்பொருள் இயங்கும்போதே அதிலுள்ள பெயர், இடம், காலக் குறிப்புகளை யுனிகோட் தமிழில் எளிய எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்தல் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மாறாத ஓர் இலக்கமிட்டு, அவ்விலக்கத்தைக் கோப்பின் பெயரிலும் குறிப்பிலும் ஒருங்கே எழுதுதல் வேண்டும். இயலுமிடத்துக் குறிப்பினைப் படக் கோப்பினுள்ளும் பதித்தல் நன்று. புதிய மென்பொருளுக்கு மாறியபின் படங்களை மட்டுமன்றிக் குறிப்புகளையும் எண்ணிச் சரிபார்க்கும்வரை பழைய கணினியை அப்புறப்படுத்தலாகாது. பிரதிகளை ஒரே கூரையின் கீழ் வைத்தலும் ஆகாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவு, மலைச்சரிவில் வாழும் மக்களுக்கு இதனைக் கொடூரமாக உணர்த்தியது. பெயர்ப் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்தல் பழைய முறையெனினும் இன்றும் பொருந்துவதே.

இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பணியொன்று உண்டு. அது பெயர்களைக் கேட்டு எழுதுதல். பழைய மஸ்கெலியா நீரில் மூழ்கிய ஆண்டில் பத்து வயதினராயிருந்தோர் இன்று அறுபத்தைந்து வயதைக் கடந்துவிட்டனர். பழைய கடைவீதிப் படமொன்றைக் காட்டினால், ‘இது இன்னாருடைய கடை, இவர் இன்னார்’ என்று கூறக்கூடியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். 2023ஆம் ஆண்டில் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூரும் முகமாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனியொன்று மேற்கொள்ளப்பட்டது. அம்மக்களின் முன்னோர் நடந்த வழி அது. வழியை மீள நடக்கலாம். முகங்களுக்குரிய பெயர்களை, சொல்ல வல்லார் மறைந்தபின் மீளப் பெறல் இயலாது.

ஆங்கிலேயரின் ஒளிப்படக் கருவி மலையகத் தொழிலாளரின் முகத்தைப் பதிந்து பெயரை விட்டுவிட்டது. அது பிறர் செய்த புறக்கணிப்பு. இன்று படங்கள் அம்மக்களின் பிள்ளைகளிடமே உள்ளன. நல்லதண்ணியிலுள்ள ஒரு லயத்துக் காம்பிராவிலும், கொழும்பில் வேலை செய்யும் இளைஞனின் கைப்பேசியிலும் அவை கிடக்கின்றன. கருவி மாறும்போது முகத்தை மட்டும் கொண்டு சென்று பெயரைக் கைவிட்டால், அப்புறக்கணிப்புக்குப் பிறரைக் குறைகூற இயலாது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூத்தோர் அருகிலமர்ந்து பத்துப் படங்களுக்கேனும் பெயர் எழுதுவாராயின், மலையக வரலாற்றுக்கு அது பெருந்தொண்டாக அமையும்.