பனியில்லாத மலையும் பத்திரமில்லாத வீடும்

1924ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையடியில் உள்ள சாமோனி என்ற ஊரில் பனி விளையாட்டு வாரம் ஒன்று நடந்தது. பிற்பாடு அதுவே முதலாவது குளிர்கால ஒலிம்பிக் என்று ஏற்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், கொழும்பிலிருந்து மலையேறிவந்த ரயில் பாதை பதுளையைத் தொட்டு முடிந்தது. இரண்டு செய்திக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க நியாயம் உண்டு. இரண்டு மலைகளையும் உலகத்துக்குப் பிரபலப்படுத்தியவர்களில் ஆங்கிலேயர் முன்வரிசையில் நின்றார்கள். இரண்டுக்கும் கூட்டத்தைக் கொண்டுவந்தது ரயில். இரண்டிலும் இன்று அந்நியநாட்டார் வந்து தங்கிப் பணம் செலவழிக்கிறார்கள். சாமோனிப் பள்ளத்தாக்கின் மாட்டுக்காரர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் விடுதிக்காரராகவும் மலை வழிகாட்டிகளாகவும் ஆனார்கள். பதுளை இருக்கும் ஊவாவின் தேயிலை மலைகளை உண்டாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் தோட்டத்து வரிசை அறைகளான லயத்திலேயே இருக்கிறார்கள். இந்த வேறுபாட்டுக்குப் பனி, தட்பவெப்பம், ஐரோப்பாவின் செல்வம் என்று பல காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. மலையில் குடியிருந்தவனுக்கு அவன் வீடும் அது நிற்கும் நிலமும் சொந்தமா என்பதே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஊவாவில் பொழுதுபோக்கு என்பது தேயிலைக்கும் மூத்தது. 1818இல் ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு இந்த மலைப்பகுதியை ஆண்ட வெள்ளை அதிகாரிகளுக்கு வேட்டையே பெரிய விளையாட்டு. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர் பெற்றவர். ஊவாவின் தெருக்கள் பலவற்றைப் போடுவித்தவரும் அவரே. 1845இல் அப்புத்தளை வாடிவீட்டில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். பதுளை புனித மாற்கு ஆலயம் அவர் நினைவைச் சொல்லும். ஆட்சி, தெரு, வேட்டை, வாடிவீடு ஆகிய நான்கும் ஒரே ஆளின் வாழ்க்கையில் கூடிநிற்பதைக் கவனிக்க வேண்டும். மலைக்கு வருகிற துரைமாருக்குத் தங்குமிடம் முதல் நாளிலிருந்தே அரசாங்கச் செலவில் இருந்தது. அதே காலத்தில், 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசுடைமை என்று சொல்லிக் கோப்பித் துரைமாருக்கு விற்க வழி திறந்தது. மலை முதலில் கைமாறியது இப்படித்தான். அதில் இழந்தவர்கள் கண்டியச் சிங்களக் கிராமத்தவர்கள்.

கோப்பிக்கு ஆள் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. அறுவடைக்கு வந்து திரும்பிப்போகிற பருவகாலப் பயணமாகவே அது தொடங்கியது. 1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் கண்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து உண்டு என்பதால் வந்தவர்கள் திரும்ப முடியாமல் குடியானார்கள். 1885இல் நானுஓயாவரை வந்த ரயில் 1893இல் அப்புத்தளைக்கும் மறு ஆண்டு பண்டாரவளைக்கும் வந்தது தேயிலைப் பெட்டியை ஏற்றத்தான். ஆனால் பெட்டி இறங்கிய பாதையில் விடுமுறைக்காரர் ஏறினார்கள். ஹென்றி கேவ் 1910இல் வெளியிட்ட இலங்கை ரயில்வே வழிகாட்டி நூல் இந்தப் பாதையை நிலையம் நிலையமாக விவரித்துப் பயணிக்குப் பரிந்துரைத்தது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பக்கம் தோட்டங்கள் வாங்கியபின், அவர் நின்று பார்த்ததாகச் சொல்லும் குன்று இன்றும் அவர் பெயரில் சுற்றுலா இடமாக இருக்கிறது. தியத்தலாவையில் 1900இல் போயர் போர்க்கைதிகளுக்கு அமைத்த முகாம் பின்னாளில் இராணுவ ஊராகி, படையினர் உடம்பு தேற்றிக்கொள்ளும் இடமுமானது. 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் அப்புத்தளையில் கட்டிய அடிசம் மாளிகை ஆங்கில நாட்டுப்புற வீடு ஒன்றை அப்படியே மலையில் எழுப்பும் ஆசையின் உச்சம். சுதந்திரத்துக்குப் பிறகும் ஏற்பாடு மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு ரயில் ஆணைச்சீட்டு இருந்தது, சம்பளத்தோடு லீவு இருந்தது, திணைக்களத்துக்குச் சுற்றுலா பங்களா இருந்தது. சித்திரை விடுமுறைக்குப் பண்டாரவளையில் நாலு நாள் என்று அவர்களால் திட்டம் போட முடிந்தது.

விடுமுறைக்குத் திட்டம் போடுவது மனசு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. உழைக்காத நாளுக்கும் கூலி உண்டு, திரும்பி வந்தால் வீடு இருக்கும் என்ற இரண்டு உறுதிகள் அதற்கு வேண்டும். பிரான்சில் 1936இல் மக்கள் முன்னணி அரசாங்கம் எல்லாத் தொழிலாளருக்கும் சம்பளத்தோடு இரண்டு வார லீவைச் சட்டமாக்கியது. 1956இல் மூன்றாவது வாரம் சேர்ந்தது. ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு ஊர்கள் பெருகியதற்குப் பனி எவ்வளவு காரணமோ அவ்வளவு இந்தச் சட்டமும் காரணம். ஊவாத் தோட்டத்தில் கணக்கே வேறு. காலைப் பிரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பில் பேர் விழ வேண்டும், கொழுந்து நிறுவையில் குறைந்தால் பாதிக் கூலிக்கான அரைப்பேர், வராத நாள் வெறும்நாள். மலையின் அழகைப் பார்க்க உலகம் வந்த நூற்றாண்டில் அந்த மலையில் வாழ்ந்தவர்களுக்கு ஓய்வாக நின்று பார்க்க நாள் இருக்கவில்லை.

சாமோனியில் நடந்தது என்ன? 1741இல் ஆங்கிலேயர் இருவர் பனியாறு பார்க்க வந்து எழுதிய பிறகே அந்த ஊர் ஐரோப்பாவில் பேசப்பட்டது. ஆனால் 1786இல் மோன் பிளாங் சிகரத்தில் முதலில் கால்வைத்தவர்கள் வெளியார் அல்லர்; பளிங்குக்கல் தேடி மலையேறிப் பிழைத்த ஜாக் பால்மாவும் அவ்வூர் வைத்தியர் பக்கார்டுமே. மலையைத் தெரிந்தவன் அவ்வூரான் என்ற உண்மையை அவ்வூரார் விற்கத் தெரிந்திருந்தார்கள். 1821இல் சாமோனி வழிகாட்டிகள் சங்கம் அமைந்தபோது அதில் சேரும் உரிமை பள்ளத்தாக்கில் பிறந்தவருக்கே என்ற நிலை ஏற்பட்டது. வெளியூரான் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற ரொஜே பிரிசோன்-ரோஷ், முதன்முதலாக அதில் சேர்க்கப்பட்டது 1930இல்தான். நூறு ஆண்டுக்கு மேலாக, மலையேற வந்த சீமானும் உள்ளூர்க் குடியானவனுக்குக் கூலி கொடுத்தே ஏற வேண்டியிருந்தது. அந்தக் குடியானவனுக்குச் சொந்தக் காணி இருந்தது. மாட்டுக்கொட்டிலை அறையாக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

லயத்துக்காரருக்கு இதில் எதுவும் இல்லை. வீடு என்பது வேலையோடு வந்த பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. வேலைநீக்கப் பத்துச்சீட்டுக் கொடுத்தால் வேலையோடு வீடும் போகும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் கிராமத்துக் குடியானவர்களுக்கு அரசகாணியைப் பகிர்ந்தபோது இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கு அதில் பங்கில்லை. 1937இல் திருத்திய கிராமச்சபைச் சட்டமும் லயத்தில் வசிப்பவரை வாக்காளராகச் சேர்க்கவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டிலேயே அவர்களுக்கு இடமில்லை என்றது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. கடவுச்சீட்டு வருகிறதா, எந்தக் கப்பல் என்று காத்திருந்த தலைமுறை வீட்டைப் பெருப்பிக்க நினைக்குமா? 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. இரண்டு கைமாற்றத்திலும் லயம் சொத்துக் கணக்கில் சேர்ந்தே போனது.

இதற்கு முதல் மறுப்பு எளிதாக வரும். ஆல்ப்ஸுக்குப் பனி உண்டு, எட்டிவிடும் தூரத்தில் பாரிசும் ஜெனீவாவும் உண்டு. வெயில் நாட்டுத் தீவின் ஒரு மூலையை அதோடு ஒப்பிடுவது நியாயமா? வருகிற பணத்தின் அளவைப் பற்றி என்றால் நியாயமில்லைதான். ஆனால் கேள்வி அளவைப் பற்றியதல்ல, பங்கைப் பற்றியது. அதற்கு ஆல்ப்ஸ் வரை போகவே வேண்டாம், ஊவாவிலேயே உள்ள எல்ல என்ற ஊர் போதும். ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதரைச் சுழல்பாதையையும் பார்க்க அதே ரயிலில் அதே வெள்ளைக்காரர் வந்து இறங்குகிறார்கள். கடந்த சில பத்தாண்டுகளில், எல்லக் கிராமத்தில் வீடும் துண்டுக் காணியும் உள்ளவர்கள் பலர் முன்னறையை வாடகைக்கு விட்டு, பிறகு மேல்மாடி எழுப்பி, விடுதிக்காரரானார்கள். நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள தோட்ட லயங்களில் அப்படி ஒருவர் எழ முடியவில்லை. மலை, மழை, ரயில், விருந்தாளி எல்லாம் ஒன்று. வேறுபடுவது உறுதிப்பத்திரம். லயத்துப் பிள்ளை அந்த விடுதியில் அறை துடைக்கலாம், முச்சக்கரவண்டி ஓட்டலாம், வழிகாட்டலாம்; சம்பளம் கிடைக்கும், முதல் சேராது. பாலத்தின் பின்னணியில் தெரியும் தேயிலைதான் படத்துக்கு அழகு தருகிறது. அந்தத் தேயிலையைக் காப்பவருக்கு அந்தப் படத்தில் வருமானம் இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஆல்ப்ஸிலும் அரசு மக்களைப் பெயர்த்தது. தீன் என்ற கிராமம் 1952இல் அணைக்கட்டின் கீழ் மூழ்கியது. 1946இல் கூர்ஷெவெல்லைத் திட்டமிட்டது சவுவா மாவட்டச் சபை. 1964இல் தொடங்கிய ‘பனித் திட்டம்’ பாரிசிலிருந்து வரைபடம் போட்டு, பெருமுதலாளிகளைக் கொண்டு மலைமேல் கொங்கிரீட் ஊர்களைக் கட்டியது. ஆகவே அங்கும் குடியானவன் வென்றான் என்பது கதைதானே? இங்கும் கிராமத்தவர் காணி இழக்கவில்லையா? இழந்தார்கள். கண்டியக் குடியானவர் ஆணைக்குழுவின் 1951ஆம் ஆண்டு அறிக்கை அந்த இழப்பைத்தான் ஆராய்ந்தது. ஆனால் தீன் மக்கள் காணிக்கு ஈட்டுத்தொகை கேட்டுப் போராடக் காரணம் அவர்களிடம் காணி இருந்ததே. மேட்டில் அவர்கள் எழுப்பிய புதிய ஊர் இன்று பெரிய சறுக்குத்தளம். பிரெஞ்சு மலையூர் ஒவ்வொன்றுக்கும் தன் உள்ளூராட்சிச் சபை இருந்தது. வரி, கட்டட அனுமதி பற்றி மாவட்டத்தோடும் முதலாளியோடும் பேரம்பேச அது இடம் கொடுத்தது. 1985இல் வந்த மலைச் சட்டம் கட்டட வேகத்துக்குக் கடிவாளமும் போட்டது. ஊவாவில் கிராமத்தவருக்குக் கூட காலம் தாழ்த்தியாவது ஆணைக்குழுவும் காணிப் பகிர்வும் வந்தன. தோட்டத்தவருக்கோ, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கவே தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல். பேரம்பேசத் தோற்றவனுக்கும் பேரம்பேச மேசையே இல்லாதவனுக்கும் வித்தியாசம் உண்டு.

மூன்றாவது மறுப்பைத் தோட்ட நிர்வாகங்களும் பொருளியல் பேசுவோரும் சொல்வார்கள். காணியைத் துண்டு போட்டால் தேயிலை கெடும். சுற்றுலா என்பது நம்பத்தகாத தொழில், 2019 குண்டுவெடிப்பும் பெருந்தொற்றும் 2022 நெருக்கடியும் அதைக் காட்டின. ஆடி ஆவணியில் கச்சான் காற்றில் உறையும் ஊவாத் தேயிலையின் மணம்தான் இம்மாகாணத்தின் நிரந்தரச் சொத்து. மணம் உண்மைதான். ஆனால் இலங்கைத் தேயிலையில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் தருவது சிற்றுடைமையாளர் காணிகள் என்பதும் உண்மை. ஆகவே துண்டுக்காணியில் தேயிலை வாழாது என்ற பேச்சை அந்தத் தேயிலையே பொய்யாக்குகிறது. சுற்றுலா தளும்பும் தொழில் என்பதும் சரி. அதனால்தான் சொந்தக் காணி மேலும் அவசியமாகிறது. விருந்தாளி வராத ஆண்டில் எல்லக் கிராமத்தவருக்குத் தோட்டத்துண்டும் கூரையும் மிஞ்சும், லயத்திலிருந்து விடுதிக்குப் போனவருக்கு வேலை மட்டும் போகும். தேயிலையில் மட்டும் நம்பிக்கை வைத்தவர்களுக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொட்டதே 2021இல் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

வீடு சொந்தமில்லாததன் விலை பணத்தில் மட்டும் தீர்வதல்ல. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. தன் காணியில் இருப்பவர் அதை விற்றோ மாற்றியோ நகரலாம். கம்பனியின் லயத்தில் இருப்பவர் தனக்கு மாற்றிடம் தரப்படும்வரை இருந்த இடத்தில் இருக்க வேண்டும். அதன்பின் வந்த ஏழு பேர்ச் காணித் திட்டமும் இந்திய உதவி வீடுகளும் திசை சரியானவை, வேகம் போதாதவை. அடிவைக்கும் இடமாக மட்டும் அளந்த ஏழு பேர்ச்சில் ஒரு விருந்தாளி அறை எழுப்ப இடம் இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

பழைய துரை பங்களாக்களை ஆடம்பர விடுதிகளாக்கும் வேலை இப்போது மலைநாடெங்கும் நடக்கிறது. தோட்டச் சுற்றுலா என்றால் இன்று பொருள் அதுவே: பங்களாவில் தூக்கம், ஸ்டோர் எனும் தொழிற்சாலையில் தேயிலைச் சுவை, கூடை சுமந்த பெண்களோடு ஒரு படம். வேலைவாய்ப்பு என்று இதை வரவேற்பவர்களை மறுக்கத் தேவையில்லை. ஆனால் 1845இல் வாடிவீடு யாருக்கு இருந்ததோ அதே வரிசையில்தான் இதுவும் வருகிறது. பதுளை மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மலையகத் தமிழர். அவர்களுக்குச் சுற்றுலாவில் பங்கு வேண்டுமானால் பயிற்சி வகுப்பும் விளம்பரமும் இரண்டாவது வேலை. முதல் வேலை, வீட்டுக்கும் அதைச் சுற்றிய காணிக்கும் பெண்ணின் பெயரும் ஆணின் பெயரும் சேர்ந்த உறுதி. அடுத்தது, அறையை வாடகைக்கு விட அனுமதிப்பத்திரம் தரும் அதிகாரம் தோட்ட நிர்வாகத்திடமிருந்து பிரதேச சபைக்கு மாறுவது. அதற்கடுத்தது, எந்தப் பாதையில் யார் வழிகாட்டலாம் என்பதில் சாமோனியார் 1821இல் கேட்டது போல அந்தந்த மலையாருக்கு முன்னுரிமை. மூன்றுக்கும் பனி தேவையில்லை. பாராளுமன்றத்தில் கைதூக்கினால் போதும்; 2018இல் ஒருமுறை தூக்கியிருக்கிறார்கள்.