இருட்டு மேடையும் இரண்டு கமராக்களும்

பிலிம் கமரா திரும்பவும் ஒரு மோகமாகிவிட்டது. அப்பாவின் அலுமாரிக்குள் கனகாலமாகக் கிடந்த கமராவைத் தூசு தட்டி எடுத்து, ஒரு றோல் பிலிமுக்கு அலைந்து திரிகிற ஆக்களை இப்ப காணலாம். "பிலிமில இருக்கிற உயிர் டிஜிட்டலில இல்லை" என்று ஒரு பக்கம். "அதெல்லாம் சும்மா பழசுக்கு ஏங்கிறது" என்று மறுபக்கம். பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு இந்த வாக்குவாதத்தை எவ்வளவு நேரமும் இழுக்கலாம். ஆனால் இரவில், வெளிச்சம் குறைந்த ஒரு இசைமேடைக்கு முன்னால் போய் நின்றால் கதை வேற. பாடுகிறவர் அசைந்துகொண்டே இருப்பார், வெளிச்சம் நொடிக்கு நொடி மாறும், ஃபிளாஷ் அடிக்க விடமாட்டார்கள். ஒரு கமராவின் பலமும் பலவீனமும் அங்கதான் சரியாகத் தெரியவரும்.

இலக்கங்களை மட்டும் பார்த்தால் இந்தப் போட்டி எப்பவோ முடிந்துவிட்டது. டிஜிட்டல் வென்றுவிட்டது. ஆனால் வெறும் இலக்கங்களால் இந்த வரலாற்றைச் சொன்னால் ஒரு முக்கியமான விசயம் விடுபட்டுப் போகும். மேடையில் நிற்கிறவர் யார், அவருடைய தோல் என்ன நிறம், அந்த நிறத்தை மனதில் வைத்தா பிலிமும் சென்சரும் செய்யப்பட்டன என்பதுதான் அது. இருட்டில் படம் எடுத்த வரலாற்றின் பெரும்பகுதி, இருட்டான ஜாஸ் கிளப்புகளில் கறுப்பினக் கலைஞர்களைப் படம் எடுத்த வரலாறு. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

ஒரு படத்துக்கு ஒரு பல்ப்

வில்லியம் கொட்லீப் 1938 முதல் 1948 வரை ஜாஸ் கலைஞர்களைப் படம் எடுத்தவர். உண்மையில் அவர் எழுத்தாளர். வோஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் ஜாஸ் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அதற்குப் படம் எடுக்கத் தனியாக ஆள் கிடைக்காததால் தானே கமரா வாங்கிப் பழகினார். கையில் இருந்தது ஸ்பீட் கிராஃபிக். 4க்கு 5 அங்குலத் தாள் பிலிம் போடுகிற பாரமான கமரா. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிலிம் தாள், ஒரு ஃபிளாஷ் பல்ப். அடித்த பல்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு பூட்ட வேணும். செலவும் அவருடையதுதான். அதனால் ஒரு இரவில் மூன்று நான்கு படத்துக்கு மேல் எடுக்கிறது கஷ்டம்.

1947இல் நியூயோர்க்கில் பில்லி ஹொலிடே பாடிக்கொண்டிருந்தபோது அவர் எடுத்த படம், தலையைப் பின்னால் சாய்த்து, கண் மூடி, வாய் திறந்து பாடுகிற அந்தப் படம், இப்படி எண்ணி எண்ணி எடுத்தவற்றில் ஒன்றுதான். கலைஞரை முதலிலேயே தெரிந்திருந்தால்தான் எந்தக் கணத்தில் விரலை அழுத்துவது என்று தெரியும். கொட்லீப்புக்கு அது தெரிந்திருந்தது. அவருடைய படங்கள் இப்போது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவர் விரும்பியபடியே 2010இல் அவை பொதுச்சொத்தாகின. யாரும் எடுத்துப் பாவிக்கலாம்.

வெளிச்சத்தைப் பின்னால் வைத்தவர்

ஃபிளாஷை முகத்துக்கு நேராக அடித்தால் முகம் தட்டையாகும், பின்னால் சுவரில் நிழல் விழும், கிளப்பின் இருட்டு முழுக்க செத்துப்போகும். ஹேர்மன் லெனார்ட் இதற்கு வேற வழி பார்த்தார். அவரும் அதே ஸ்பீட் கிராஃபிக்கைத்தான் வைத்திருந்தார். ஆனால் ஃபிளாஷ் விளக்குகளைக் கமராவில் இருந்து பிரித்து, கிளப்பின் விளக்குகள் ஏற்கனவே இருந்த இடங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்று கலைஞருக்குப் பின்னால் இருக்கும். 1948இல் நியூயோர்க் றோயல் றூஸ்ட் கிளப்பில் டெக்ஸ்டர் கோர்டன் சிகரெட்டோடு இருக்கிற படத்தைக் கனபேர் எங்கேயாவது கண்டிருப்பீர்கள். பின்னால் இருந்து வருகிற வெளிச்சம் புகையில் பட்டுப் புகையே ஒரு உருவமாக எழும்பி நிற்கும். ஜாஸ் என்றவுடன் எங்கட மனதில் வருகிற கறுப்பு வெள்ளை உலகத்தை உருவாக்கியதில் லெனார்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஃபிளாஷே வேண்டாம் என்றவர்

ரோய் டிகராவா இன்னும் ஒரு படி தள்ளிப் போனார். 1919இல் ஹார்லெமில் பிறந்த கறுப்பினக் கலைஞர். 1952இல் குகென்ஹைம் உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பினப் புகைப்படக்காரர். அவர் கையில் 35 மில்லிமீற்றர் கமரா. ஃபிளாஷ் பாவிக்கமாட்டார். மேடையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கோ அவ்வளவுதான். ஜோன் கோல்ட்ரேனை அவர் எடுத்த படங்களில் கறுப்புக்கும் சாம்பலுக்கும் இடையில் எத்தனையோ படிகள் இருக்கும். வெள்ளை என்று சொல்லக்கூடிய இடம் மிகக் குறைவு. சில இடங்களில் உருவம் அசைவில் கலங்கியிருக்கும். முதல் பார்வைக்கு "இது பிழைச்ச படமோ?" என்றுகூட நினைப்போம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், கண் இருட்டுக்குப் பழகிற மாதிரி, முகம் மெதுவாக வெளியில் வரும்.

இது தொழில்நுட்பம் போதாமையால் வந்த இருட்டு மட்டும் இல்லை. பிரின்ட் போடும்போது அவர் வேணுமென்றே எடுத்த முடிவு. கறுத்த முகத்தை வெளிச்சம் போட்டு வெளுக்க வைக்காமல், அது இருக்கிற இருட்டுக்குள்ளேயே அழகாகக் காட்டலாம் என்று அவர் செய்து காட்டினார். 1960களின் தொடக்கத்தில் அவர் தொகுத்த ஜாஸ் படப் புத்தகம் 2001இல்தான் அச்சில் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேணும். நாற்பது வருசக் காத்திருப்பு.

400ஐ 1600 ஆக்குவது

டிகராவா மாதிரியான ஆக்கள் ஃபிளாஷை விடுவதற்கு வேகமான பிலிம் தேவைப்பட்டது. 1954இல் கொடக் நிறுவனம் டிரை எக்ஸ் பிலிமை 35 மில்லிமீற்றரில் வெளியிட்டது. அப்போது அதன் வேகம் 200. 1960இல் அளக்கிற முறையை மாற்றியதும் அதே பிலிம் 400 ஆனது. பிலிம் மாறவில்லை, கணக்குத்தான் மாறியது.

400 என்பது ஒரு கிளப் மேடைக்கு எவ்வளவு? லென்ஸை எஃப் 2 வரை அகலத் திறந்தாலும், ஷட்டர் ஒரு செக்கனில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேணும். அதற்குள் பாடுகிறவர் தலையை ஆட்டினால் முகம் கலங்கிப் போகும். ஆகவே பிலிமை 1600 என்று நினைத்துக்கொண்டு எடுப்பார்கள். பிறகு கழுவும்போது கூடுதல் நேரம் மருந்துக்குள் வைத்திருப்பார்கள். இதற்குத்தான் புஷ் பண்ணுறது என்று பெயர். ஷட்டர் நேரம் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறையும். முகம் கூராக வரும்.

ஆனால் இதில் மாயம் ஒன்றும் இல்லை. பிலிமில் இருக்கிற ஒவ்வொரு வெள்ளி உப்புப் படிகத்திலும் ஒருசில வெள்ளி அணுக்களாவது ஒளியால் உருவாகியிருந்தால்தான் மருந்து அதைப் பிடித்துக் கறுப்பாக்கும். ஒளியே போய்ச் சேராத நிழலை எவ்வளவு நேரம் கழுவினாலும் அங்கு ஒன்றும் வராது. புஷ் பண்ணினால் வெளிச்சமான இடங்கள் மேலும் வெளிச்சமாகும், குருணை பெருக்கும், நிழல் அப்படியே கறுப்பாக நிற்கும். இதை நிறத்தோடு சேர்த்து யோசியுங்கள். வெள்ளைச் சட்டை போட்ட கறுத்த கலைஞரை இப்படி எடுத்தால் சட்டை பளிச்சென்று வரும், முகம் நிழலோடு போய்விடும். வெளிச்சத்தைச் சட்டைக்கு அளக்கிறதா முகத்துக்கு அளக்கிறதா என்பது அன்றைய படக்காரர் ஒவ்வொரு இரவும் எடுக்க வேண்டியிருந்த முடிவு.

கலர் வந்தபோது

கறுப்பு வெள்ளையிலாவது பிரின்ட் போடுகிறவர் கையில் கொஞ்சம் அதிகாரம் இருந்தது. கலர் பிலிமில் அதுவும் குறைந்தது. பிரின்ட் போடுகிற கடைகளில் நிறம் சரியா என்று பார்க்கக் கொடக் ஒரு மாதிரிப் படத்தைக் கொடுத்து வைத்திருந்தது. அதற்கு ஷேர்லி அட்டை என்று பெயர். பல காலமாக அந்த அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம். அவரின் தோல் நன்றாக வந்தால் படம் சரி. கனடாவின் கொங்கோர்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ரோத் 2009இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். கபில நிறங்கள் பிலிமில் சரியாக வரவில்லை என்று கொடக்கை நெருக்கியவர்களில் சொக்லேட் செய்கிறவர்களும் மரத் தளபாடம் செய்கிறவர்களும் முக்கியமானவர்கள் என்பது அவர் கண்டெடுத்த விசயங்களில் ஒன்று. மனிதர்களின் முகத்துக்காக நடக்காத திருத்தம் சொக்லேட்டுக்காக நடந்தது. பல நிறத்தவர்கள் ஒன்றாக இருக்கிற அட்டை வர 1990கள் ஆனது.

பிலிமின் நிறம் "இயற்கையானது" என்று யாராவது சொன்னால் இந்தக் கதையை ஒருக்கால் ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

2007

டிஜிட்டல் கமரா வந்த உடனேயே இருட்டை வென்றுவிடவில்லை. 1991இல் கொடக் வெளியிட்ட முதல் தொழில்முறை டிஜிட்டல் கமரா 1.3 மெகாபிக்சல். அதன் சேமிப்புப் பெட்டியைத் தோளில் தனியாகத் தொங்கவிட வேணும். 1999இல் வந்த நிக்கோன் டி1 2.7 மெகாபிக்சல், ஐ.எஸ்.ஓ. 1600 வரை போகும். ஆனால் அந்த 1600இல் வருகிற நிறப் புள்ளிகள் பிலிமின் குருணையைவிட அசிங்கமாக இருந்தன. மேடைப் படக்காரர்கள் கனபேர் பிலிமை விடாமல் இருந்ததற்கு அது நியாயமான காரணம்.

2007இல் நிக்கோன் டி3 வந்தது. 12.1 மெகாபிக்சல், 35 மில்லிமீற்றர் பிலிமின் அளவிலான சென்சர், வழமையான ஐ.எஸ்.ஓ. 6400 வரை, தேவையென்றால் 25,600 வரை. 400இல் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்த ஷட்டர், 6400இல் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் திறந்தாலே போதும். டிரம்ஸ் அடிக்கிறவரின் குச்சிகூட ஓரளவுக்கு நிற்கும். அடுத்த வருசமே கனன் 5டி மார்க் 2 வந்தது. காரணம் எளிமையானது. பிலிமில் வந்து விழுகிற ஒளித்துகள்களில் நூற்றுக்குச் சிலதான் படமாகின்றன. நல்ல சென்சர் பாதியளவையோ அதற்கு மேலோ பிடித்துவிடும். இந்த வித்தியாசத்தை எந்த மருந்தாலும் ஈடுகட்ட ஏலாது. 1988இல் வந்த கொடக்கின் மிகவேகமான பிலிம் டி மேக்ஸ் பி 3200, 2012இல் நிறுத்தப்பட்டது. 2018இல் திரும்பி வந்ததும் ஆசைக்காகத்தானே தவிர அவசியத்துக்காக இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் பிலிம் இப்பவும் தாராளம். கலர் நெகட்டிவோ கறுப்பு வெள்ளை நெகட்டிவோ, ஸ்பொட் லைட் நேராக விழுகிற நெற்றியும் கன்னமும் அதில் மெதுவாக வெளுக்கும். டிஜிட்டலில் ஒரு எல்லை தாண்டினால் அங்கு ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. இப்போதைய எல்.ஈ.டி. மேடை விளக்குகளில் தனி நீலமும் தனிச் சிவப்பும் அடிக்கும்போது இது இன்னும் மோசம். முகம் ஒரு நீலக் கறையாகிவிடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் டிஜிட்டலில் கொஞ்சம் இருட்டாகவே எடுத்துவிட்டு, பிறகு கணினியில் நிழலைத் தூக்குகிறார்கள். பிலிமில் செய்ததற்கு நேர் எதிர்.

அழிக்காமல் விட்டது

1979 செப்ரெம்பரில் நியூயோர்க் பலேடியம் மண்டபத்தில் த கிளாஷ் குழுவின் போல் சிமோனன் தன் பேஸ் கிற்றாரை மேடையில் ஓங்கி அடித்தார். பெனி ஸ்மித் அதைப் படம் எடுத்தார். படம் கூராக வரவில்லை என்று அவரே அதைப் பாவிக்க விரும்பவில்லை. குழுவின் ஜோ ஸ்ட்ரமர்தான் அதையே "லண்டன் கோலிங்" இசைத்தட்டின் அட்டையில் போட வேணும் என்று நின்றார். இன்று றொக் இசையின் மிகப் பிரபலமான படங்களில் அது ஒன்று. பின்பக்கத் திரையில் பார்த்து உடனே அழிக்கக்கூடிய கமராவாக இருந்திருந்தால் அந்தப் படம் அன்றிரவைத் தாண்டியிருக்குமா என்று யோசிக்காமல் இருக்க ஏலாது.

லெனார்டின் கதையும் இதோடு சேர்ந்தது. 2005இல் கத்ரினா சூறாவளியில் நியூ ஓர்லியன்ஸில் இருந்த அவருடைய வீடு வெள்ளத்தில் மூழ்கியது. ஏறத்தாழ 8,000 பிரின்டுகள் அழிந்தன. நெகட்டிவ்கள் மட்டும் அருங்காட்சியகம் ஒன்றில் பாதுகாப்பாக வைக்கப்பட்டதால் தப்பின. நெகட்டிவ் கையில் இருந்தால் பிரின்டைத் திரும்பவும் போடலாம். இடம்பெயரும்போது அல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடின வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. டிஜிட்டல் கோப்பைப் பத்து இடத்தில் பிரதி எடுத்து வைக்கலாம் என்பது உண்மை. யார் எடுத்து வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இப்ப எங்கட கையில

2021இல் கூகிள் தன் பிக்சல் 6 தொலைபேசியில் கறுத்த தோலைச் சரியாகக் காட்டுகிற மாற்றங்களைச் செய்தது. அதுவரைக்கும் கமராக்கள் அதைச் சரியாகச் செய்யவில்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரித்தான். ஷேர்லி அட்டை போய்விட்டது. ஆனால் "சரியான முகம்" எப்படி இருக்கும் என்று எங்கேயோ யாரோ முடிவு செய்வது போகவில்லை. இரவுப் படம் எடுக்கிற வசதியைப் போட்டால் தொலைபேசி பல படங்களை ஒன்றாக அடுக்கி, இருட்டை எல்லாம் துடைத்து, நடுச்சாமத்தைப் பின்னேரம் ஆக்கித் தரும்.

திருவிழாவில மேளக்கச்சேரியையோ விடிய விடிய நடக்கிற கூத்தையோ எடுக்கப் போறவர்கள் ஒரு வேலை செய்து பாருங்கள். திரையில் நாதஸ்வரக்காரரின் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தை நீங்களே ஒரு படி, இரண்டு படி குறையுங்கள். பின்னால் இருக்கிற சனம் இருட்டுக்குள் போகட்டும், முகத்தின் நிறம் அதன் நிறத்திலேயே நிற்கட்டும். டிகராவாவுக்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு நல்ல கருவி இப்ப எங்கட சட்டைப்பைக்குள் இருக்கிறது. பிலிமா டிஜிட்டலா என்று சண்டை பிடிக்கிற நேரத்தில் அவருடைய படங்கள் பத்தையாவது தேடிப் பார்க்கலாம். பார்க்கும்போது திரையின் வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள்.