மாடிப்படிக்குக் கீழே ஒன்றரை லட்சம் கடிதங்கள்

1870-ம் வருடம். இத்தாலியில், ஃப்ளோரன்ஸுக்குப் பக்கத்தில் பிராட்டோ என்று ஓர் ஊர். அங்கே ஒரு பழைய மாளிகையில், மாடிப்படிக்குக் கீழே யாரும் சீண்டாமல் கிடந்த மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். தங்கமா? வெள்ளியா? ஒன்றும் கிடையாது. அத்தனையும் காகிதம். கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் கடிதங்கள். கூடவே ஐந்நூறுக்கு மேல் கணக்குப் புத்தகங்கள்.

எல்லாம் ஒரே ஆளுடைய சொத்து. பெயர் ஃபிரான்செஸ்கோ டாட்டினி. அவர் செத்துப்போய் அப்போதே 460 வருடங்கள் ஆகியிருந்தன.

நான் பி.காம். படித்தவன். கமர்ஷியல் கரஸ்பாண்டன்ஸ் என்று ஒரு பாடம் உண்டு. தேதி எங்கே, விலாசம் எங்கே, 'தங்களுடைய இன்ன தேதியிட்ட கடிதம் கிடைக்கப் பெற்றோம்' எங்கே. இடம் மாறினால் மார்க் போச்சு. எதற்கு இந்தச் சடங்கெல்லாம் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை. பல வருடம் கழித்து டாட்டினியைப் பற்றிப் படித்தபோதுதான் மண்டையில் பல்பு எரிந்தது.

டாட்டினியின் கதை சோகத்தில் ஆரம்பிக்கிறது. 1348-ல் ஐரோப்பாவைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனபோது பையனுக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை. கொஞ்ச நாளில், இருந்த சொற்பத்தை எடுத்துக்கொண்டு பிரான்ஸ் பக்கம் அவிஞானுக்குப் போனார். அப்போது போப்பாண்டவரே அங்கேதான் இருந்தார். பணம் புரளும் ஊர். போர்க்கவசம் விற்றார். அப்புறம் துணி, உப்பு, கம்பளி, எது கிடைத்தாலும். 1383-ல் பிராட்டோவுக்குத் திரும்பும்போது பெரிய பணக்காரர். பீசா, ஃப்ளோரன்ஸ், ஜெனோவா, பார்சிலோனா, வாலன்சியா, மயோர்க்கா என்று வரிசையாகக் கிளைகள்.

இங்கேதான் சிக்கல். முதலாளி ஓர் ஊரில், சரக்கு ஓர் ஊரில், பணம் வேறோர் ஊரில். போன் கிடையாது, தந்தி கிடையாது. நடுவில் கடல் இருக்கிறது, கடலில் கொள்ளைக்காரன் இருக்கிறான். போட்ட கடிதம் போய்ச் சேருமா? தெரியாது. சேர்ந்ததா? அதுவும் தெரியாது. என்ன செய்வீர்கள்?

ஒரே கடிதத்தை இரண்டு மூன்று பிரதி எடுத்து, வேறு வேறு வழியில் அனுப்புவீர்கள். அந்தக் கால வியாபாரிகள் அதைத்தான் செய்தார்கள். கடிதத்தின் தலையில் கடவுள் பெயர், அடுத்தது தேதி. உடனே, 'நாங்கள் கடைசியாக எழுதியது இன்ன நாளில், உங்களிடமிருந்து வந்து சேர்ந்தது இன்ன நாள் கடிதம்' என்று ஒரு கணக்கு. படிப்பவனுக்கு நடுவில் ஒன்று தொலைந்திருந்தால் அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். நாங்கள் மார்க்குக்காக மனப்பாடம் செய்த வரி அதேதான்! மரியாதைக்காக வந்ததில்லை சார் அது. பயத்தில் வந்தது.

அப்புறம் விஷயம். கடைசியில் அந்த ஊரில் இன்றைக்கு என்ன சரக்கு என்ன விலை, பணமாற்று விகிதம் என்ன என்று ஒரு பட்டியல். மடித்து, மேலே விலாசம். பெற்றவர் சும்மா எடுத்துப் படித்துவிட்டுப் போட மாட்டார். எந்த ஊரிலிருந்து வந்தது, என்றைக்கு வந்தது என்று வெளிப்பக்கம் குறித்து வைப்பார். நம் இமெயிலில் கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக்கொள்கிற சமாசாரம். (மெயிலில் 'சிசி' போடுகிறீர்களே, அது கார்பன் காப்பி. கார்பன் தாளுக்கு ரால்ஃப் வெட்ஜ்வுட் என்பவர் இங்கிலாந்தில் பேடண்ட் வாங்கியது 1806-ல். டாட்டினி ஆட்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. கையால்தான்.)

இன்னொரு கட்டளையும் இருந்தது. எந்தக் கடிதத்தையும் தூக்கிப் போடக்கூடாது. மூட்டை மூட்டையாக மிஞ்சியதன் ரகசியம் அதுதான்.

இதை நான் ரசிப்பதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. ஒரு கம்பெனிக்கு மூன்று மாதம் எழுதிக் கொடுத்தேன். கூலி போனில் பேசியது. பேசிய மனிதர் வேலை மாறிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: "எழுத்துல ஏதாவது இருக்கா சார்?" என்னிடம் இருந்தது, 'பேசியபடி செய்யவும்' என்று ஒரே ஒரு மெயில். என்ன பேசினோம்? எவ்வளவு? எப்போது? ஒன்றும் இல்லை. பணமும் இல்லை.

டாட்டினி அந்தத் தப்பைச் செய்ய மாட்டார். யாரையும் நம்பாத மனிதர். பொண்டாட்டி மார்கெரிட்டாவுக்கு எழுதும்போதும் அதே ஆபீஸ் பாணிதான். அவர் ஃப்ளோரன்ஸில், அந்தம்மா சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி பிராட்டோவில். கோவேறு கழுதையை அனுப்பு, பீப்பாயைப் பார், மாவைப் பார் என்று பட்டியல். அந்தம்மா லேசுப்பட்டவர் இல்லை. முதலில் ஆள் வைத்து எழுதி பதிலுக்கு பதில் கொடுத்தார். பிறகு, முப்பது வயதைத் தாண்டி, தானே எழுதக் கற்றுக்கொண்டார். ராத்தூக்கம் இல்லாமல் எழுதுகிறேன் என்று கணவர் புலம்புவார். கொஞ்சம் ஓய்வெடு, ஆத்மாவைப் பற்றி யோசி என்று நண்பர் லாப்போ மட்ஸேய் திரும்பத் திரும்ப எழுதினார். லாப்போ ஒரு நோட்டரி. கேட்டால்தானே?

1400-ல் மறுபடி கொள்ளைநோய். டாட்டினி குடும்பத்தோடு பொலோனியாவுக்கு ஓடிவிட்டார். ஃப்ளோரன்ஸிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருந்தன. கூட்டாளிகள், நண்பர்கள் என்று ஒவ்வொருவராகப் போன செய்தி. லாப்போவும் எழுதினார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேர், சில மணி நேர இடைவெளியில், அவர் கையிலேயே உயிரை விட்டதைப் பற்றி.

டாட்டினி 1410-ல் இறந்தார். சுமார் 70,000 ஃப்ளோரின் சொத்தில் பெரும்பகுதி பிராட்டோவின் ஏழைகளுக்குப் போனது. கிளைகளில் இருந்த காகிதமெல்லாம் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கம்பளி விலை, கப்பல் செய்தி, கழுதைக் கணக்கு. அந்தக் குவியலில்தான் லாப்போ எழுதியதும் இருந்தது.