மண்டபத்தில் ரயில் நின்றது

ரயில் குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்தால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டுக்குப் போய்க் காப்பியைக் குடித்துவிட்டு மறந்துவிடுகிறோம். மூன்று மணி நேரம் தாமதமாகிவிட்டதோ, மூன்று வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். கல்யாண வீட்டில் சொல்கிறோம். துக்கம் கேட்கப் போன இடத்தில்கூடச் சொல்கிறோம்.

நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். பாம்பனில் பழைய ரயில் பாலம் உபயோகத்தில் இருந்த காலத்தில் ஒரு முறை இராமேசுவரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். மண்டபம் ஸ்டேஷனில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். காற்று பலமாக இருக்கிறது, சிவப்பு விளக்கு மாறவில்லை என்றார்கள். எதிர்ப் பலகையில் இருந்த பெரியவர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தார். "காற்றுக்குப் பயந்து ரயிலை நிறுத்துவதாவது! பக்கத்துப் பாலத்தில் பஸ் போகிறதே, பார்த்தீர்களா?" என்று என்னைக் கேட்டார். நானும் அவரோடு சேர்ந்து தலையாட்டி வைத்தேன்.

வாசலோரம் கூடையுடன் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "நிக்கட்டும் ஐயா. ஒரு தடவை நிக்காமப் போன வண்டி இன்னும் வந்து சேரலை" என்றாள்.

பெரியவர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தப் பாதையின் சரித்திரத்தைப் புரட்ட வைத்தது. புரட்டிப் பார்த்தால், தென்னாட்டில் எந்த ரயில் பாதையிலும் ஜனங்கள் இப்படிக் காத்துக் கிடந்ததில்லை என்று தோன்றுகிறது. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி காத்திருக்கவில்லை.

'போட் மெயில்' என்ற பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கப்பலுக்கு ஆள் கொண்டுபோகும் ரயில். 1914க்கு முன்பு அது சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குத்தான் போயிற்று. அங்கே கரையோரம் ஆழம் போதாது. கொழும்புக் கப்பல் சில மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ரயிலை விட்டு இறங்கியவர்கள் படகில் போய்க் கப்பலைப் பிடிக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு தாமதம். படகு தாமதமானால் கப்பலும் தாமதம்.

1914 பிப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் பாலம் திறந்தார்கள். 145 கண்கள், நடுவில் ஷெர்சர் முறையில் அமைந்த தூக்குப் பாலம். கப்பல் வந்தால் அது இரண்டு கைகளைத் தூக்கிக் கும்பிடுகிற மாதிரி பிளந்து மேலே எழும். அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போக்குவரத்துத் தொடங்கிற்று. கடல் வழி இருபது மைலுக்குச் சற்று மேல்தான். எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் போதும்: ரயில், கப்பல், மறுபடி ரயில், கொழும்பு! நமக்கும் இலங்கைக்கும் இடையே இருந்த கடல் ஒரு வாய்க்காலாகிவிட்டது போல ஜனங்கள் மகிழ்ந்தார்கள்.

வாய்க்கால்தான், ஆனால் எல்லோருக்கும் அல்ல.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் திரட்டிப்போன தொழிலாளிகளும் இந்தப் பாதையில்தான் போனார்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் என்று பல சீமைகளிலிருந்தும் வந்தவர்கள். அவர்களை மண்டபத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கே இலங்கை அரசாங்கம் ஒரு முகாம் நடத்தி வந்தது. பிளேக், காலரா, அம்மை ஆகியவை கடல் தாண்டிப் போகாதபடி ஐந்தாறு நாள் அங்கே அடைத்து வைத்து, பரிசோதித்து, அப்புறம்தான் அனுப்புவார்கள். முகாம் ஒன்றும் அநியாயம் அல்ல. நோயைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் உயர்ந்த வகுப்புப் பிரயாணிகளுக்கு அந்த வாசம் கிடையாது. நோய்க் கிருமிக்கு டிக்கெட்டில் எழுதியிருக்கும் வகுப்பைப் படிக்கத் தெரியும் என்று அக்காலத்து அதிகாரிகள் நினைத்தார்கள் போலும்.

மேல் வகுப்புக்காரர் கப்பல் அரை மணி தாமதம் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதலாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆறு நாள் கிடந்தவளின் தாமதத்தை எழுத யார் இருந்தார்கள்? கால அட்டவணையில் அந்த ஆறு நாளுக்கு இடமே கிடையாது.

இது மனிதர்கள் ஏற்படுத்திய காத்திருப்பு. இயற்கை ஏற்படுத்தும் காத்திருப்பு வேறு. அதை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1956இல் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. போட் மெயிலின் பழைய முனை தூத்துக்குடி என்றேன் அல்லவா? சென்னையிலிருந்து அந்த ஊருக்குப் போன எக்ஸ்பிரஸ் ரயில் நவம்பர் 23ஆம் தேதி விடியுமுன் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் விழுந்தது. பெருமழை, ஆற்றில் வெள்ளம், பாலத்தின் கரை அரித்துப் போயிருந்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியை விட்டு விலகினார். அந்த வண்டி மட்டும் அன்று அரியலூரிலேயே நின்றிருந்தால்? பிரயாணிகள் ஸ்டேஷன் மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டிருப்பார்கள். சத்தம் போட உயிரோடு இருந்திருப்பார்கள்.

எட்டு வருஷம் கழிந்தது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு. புயல் இராமேசுவரம் தீவை நெருங்கிக்கொண்டிருந்தது. 653ஆம் எண் பாசஞ்சர் பாம்பனை விட்டுத் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டபோது மணி 11.55. கணக்குப்படி 110 பிரயாணிகள். ரயில்வே சிப்பந்திகள் 5 பேர். தனுஷ்கோடிக்குச் சில நூறு கெஜம் இருக்கும்போது சிக்னல் விளக்கு தெரியவில்லை. டிரைவர் வண்டியை நிறுத்திக் காத்துப் பார்த்தார், பிறகு நீளமாக ஊதிவிட்டு இருட்டிலே மெல்லச் செலுத்தினார் என்று சொல்வார்கள். சாட்சி சொல்ல அந்த வண்டியிலிருந்து ஒருவரும் மிஞ்சவில்லை. கடல் எழுந்து வந்து வண்டியை மூடிக்கொண்டது. தனுஷ்கோடி ஊரும் அன்றோடு போயிற்று. புயலில் மாண்டவர்கள் 1,800 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

டிரைவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல் திட்டு, கண்ணெதிரே ஊர். நின்றாலும் ஆபத்து, போனாலும் ஆபத்து. அவர் நின்றிருக்க வேண்டிய இடம் அதுவல்ல. வண்டி பாம்பனிலேயே நின்றிருக்க வேண்டும். நிறுத்து என்று சொல்லத்தான் அன்று ஆள் இல்லை, கருவியும் இல்லை.

பாம்பன் பாலத்தில் 126 கண்களின் இரும்பு உத்தரங்களைக் கடல் வாரிக்கொண்டு போயிற்று. தூக்குப் பாலம் மட்டும் நின்றது. செப்பனிட ஆறு மாதம் ஆகும் என்று முதலில் மதிப்பிட்டார்கள். ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினியர், கடலில் கிடந்த உத்தரங்களை மீனவர்கள் உதவியோடு தேடி எடுத்து, 46 நாளில் வேலையை முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயில் பாதையும் டில்லி மெட்ரோவும் அமைத்தாரே, அவரேதான். ஆனால் தனுஷ்கோடிப் பாதையை மறுபடி போடவில்லை. இராமேசுவரமே கடைசி ஸ்டேஷன் ஆயிற்று.

அதன் பிறகு பாலத்தில் காற்றை அளக்கும் கருவி ஒன்று வைத்தார்கள். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். அதிகாரியின் தயவும் வேண்டாம், டிரைவரின் துணிச்சலும் வேண்டாம். மண்டபத்தில் எங்கள் வண்டியை நிறுத்தியது அந்தக் கருவிதான். முகாமில் நிறுத்தியவர்கள் வகுப்புப் பார்த்து நிறுத்தினார்கள். இந்தக் கருவிக்கு வகுப்புத் தெரியாது; குளிர்சாதனப் பெட்டியும் கூடைக்காரக் கிழவியும் அதற்கு ஒன்றுதான்.

புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 30ஆம் தேதி, சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவு. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். பாட்டனைப் பரிசோதித்து அனுப்பிய அதே மண்டபத்திலே பேரன் வந்து, எந்த ஊருக்குப் போவது என்று தெரியாமல் காத்திருந்தான். 1984இல் இலங்கைக் கலவரங்களால் கப்பலும் நின்றுபோயிற்று. போட் மெயில் என்ற பெயர் மட்டும் போட் இல்லாமல் ஓடிற்று.

பழைய பாலத்தின் மீதும் 2022 டிசம்பரில் ரயில் நின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் இராமேசுவரம் யாத்திரிகர்கள் தீவுக்கு வெளியிலேயே இறங்கிப் பஸ்ஸில் போனார்கள். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாலம் திறந்தது. பழையதைவிட உயரமானது, உறுதியானது. கடலும் காற்றும் மட்டும் பழையவைதான்.

அன்று எங்கள் வண்டி ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிளம்பிற்று. பாலத்தின் மேல் ஊர்ந்து போகையில் பெட்டியில் யாரும் பேசவில்லை. பாம்பன் வந்ததும் கிழவி கூடையை எடுத்துக்கொண்டாள். பெரியவர் எழுந்து வாசல் வரை போய், கூடையை இறக்க ஒரு கை கொடுத்தார். "வர்றேன் ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.