ஒரு பழைய விமானத்தின் விலை

வேத பகுதி: லூக்கா 14:25-33



கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். அஸ்திபாரத்தோடு நின்றுபோன கட்டடத்தைப் பார்த்து ஊரார் நகைப்பார்கள். செலவு அதிகமானால் விலகிக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வுவமையின் போதனை என்று நம்மில் அநேகர் எண்ணுகிறோம். அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க, மிஷனெரி வரலாற்றிலிருந்து ஒரு பழைய விமானத்தின் கணக்கை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

இரண்டாம் உலகப்போர் 1945-இல் முடிந்தபோது, போரில் விமானம் ஓட்டிய அமெரிக்க விசுவாசிகள் சிலர், சாலையற்ற இடங்களில் பாடுபடும் மிஷனெரிகளுக்குத் தங்கள் திறமையைப் பயன்படுத்த விரும்பினார்கள். அவர்கள் தொடங்கிய சிறு ஐக்கியமே இன்று மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் என்று அறியப்படுகிறது. அதன் முதல் விமானம் புதியதன்று. 1933-இல் தயாரிக்கப்பட்ட, இரட்டை இறக்கை அடுக்குள்ள வாகோ விமானம் அது. விலை 5,000 டாலர். போர்க்கால விமானப் பணியில் பயிற்சிபெற்ற பெட்டி கிரீன் என்னும் சகோதரி, 1946 பிப்ரவரி 23 அன்று, விக்ளிஃப் மொழிபெயர்ப்பு ஊழியர் இருவரை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவிலிருந்து மெக்சிகோவுக்குப் புறப்பட்டார். அந்த ஐக்கியத்தின் முதல் ஊழியப் பயணம் அதுவே.

இப்போது கணக்கைப் பார்ப்போம். பழைய விமானத்தை வாங்குகிறவர் கொடுக்கும் விலை, செலவின் தொடக்கம் மாத்திரமே. பறந்தாலும் பறக்காவிட்டாலும் சில செலவுகள் வந்துகொண்டே இருக்கும்: நிறுத்துமிட வாடகை, காப்பீடு, ஆண்டுதோறும் செய்யவேண்டிய பரிசோதனை. பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் வேறு செலவுகள் உண்டு: பெட்ரோல், எண்ணெய், தேய்மானம். இன்றைய சிறு விமான எஞ்சின்கள் பலவற்றை ஏறத்தாழ 2,000 மணி நேரம் ஓடியபின் முழுவதும் பிரித்துச் சீரமைக்கவேண்டும். ஆகையால் அறிவுள்ள உரிமையாளர், ஒவ்வொரு மணி நேரப் பயணத்திற்கும் அந்த நாளை எண்ணி ஒரு தொகையை ஒதுக்கிவைப்பார். வாகோவின் இறக்கைகளோ மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தியவை. ஈரம் புகுந்தால் மரம் உளுத்துப்போகும். வெயிலில் துணி நைந்துபோகும். முந்தின உரிமையாளர் செய்யாமல் விட்ட பழுதுகளையும் சேர்த்தே வாங்குகிறபடியால்தான் பழைய விமானம் மலிவாகக் கிடைக்கிறது.

வியப்பான ஓர் உண்மை இதில் அடங்கியிருக்கிறது. சும்மா நிறுத்திவைக்கப்பட்ட விமானமே அதிகச் செலவு வைக்கும் விமானம். நிலையான செலவுகள் குறைவதில்லை. ஓடாத எஞ்சினுக்குள் துருவும் பிடிக்கும். அதிகமாகப் பறக்கப் பறக்க ஒரு மணி நேரத்துக்கான செலவு குறைந்துகொண்டே வரும். நிலத்தில் தாலந்தைப் புதைத்துவைத்த ஊழியக்காரன் இதை அறிந்திருந்தால் எவ்வளவு நலமாயிருந்திருக்கும்!

வாகோவின் கணக்கில் எதிர்பாராத செலவும் விரைவில் வந்தது. பெட்டி கிரீனுக்குப் பெருநாட்டு ஊழியத்திற்கு அழைப்பு வந்தபடியால், அவருக்குப் பதிலாக வேறொரு விமானி வந்தார். தென்மெக்சிகோவின் காட்டு ஓடுதளம் ஒன்றில் இறங்கும்போது, அருகிலிருந்த சிறு கட்டடத்தில் விமானம் மோதிப் பெருஞ்சேதமடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் ஐக்கியத்தின் ஒரே விமானம் பறக்கும் நிலையில் இல்லை. கணக்கு மட்டும் பார்க்கிறவர்கள் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். அவர்களோ நேட் செயிண்ட் என்னும் இளைஞரை வரவழைத்தார்கள். எலும்பு நோயினால் இராணுவ விமானியாகும் வாய்ப்பை இழந்த அவர், கைதேர்ந்த பழுதுபார்ப்பவர். போதிய வசதியில்லாத இடத்தில் மாதக்கணக்கில் உழைத்து, உடைந்த இறக்கைகளைச் சீராக்கினார்.

இத்தனை செலவுக்கு நன்மை என்ன? கால்நடையாகவும் கோவேறு கழுதையின்மேலும் நாள்கணக்கில் கடந்த காட்டுவழியைச் சில மணி நேரத்துக்குள் கடக்க முடிந்தது. மருந்தும் உணவும் தபாலும் சேர்ந்தன. நோயுற்றவரைக் குறித்த காலத்தில் மருத்துவரிடம் சேர்க்க முடிந்தது. ஆனால் கவனியுங்கள். சாதாரணமாக விமானம் வாங்குகிறவர் செலவையும் தாமே ஏற்கிறார், பயனையும் தாமே அடைகிறார். இங்கேயோ செலவு எழுதப்பட்ட பக்கத்தில் ஒருவர் பெயரும், நன்மை எழுதப்பட்ட பக்கத்தில் மற்றொருவர் பெயரும் இருந்தன. காணிக்கை அனுப்பியவர் அதில் ஏறவில்லை. இறக்கையைச் சீராக்கியவரைக் காட்டுக் குடிசையில் படுத்திருந்த நோயாளி அறியவில்லை. இப்படிப்பட்ட கணக்கைக் கூட்டிப் பார்த்தால் நஷ்டம் என்றே வரும். அன்போ இந்தக் கணக்கையே தெரிந்துகொள்கிறது.

நேட் செயிண்ட் 1948-இல் தம் மனைவி மார்ஜுடன் ஈக்வடார் நாட்டிற்குச் சென்றார். அந்த ஆண்டின் இறுதியிலேயே விமான விபத்தில் அவருடைய முதுகெலும்பு முறிந்தது. குணமடைந்து மீண்டும் பறந்தார். எரிபொருள் வழி அடைபட்டாலும் எஞ்சின் நின்றுபோகாதபடி, தனிக் கலத்திலிருந்து பெட்ரோல் செலுத்தும் எளிய அமைப்பொன்றை உருவாக்கினார். 1956 ஜனவரி 8 அன்று, வவோரானி மக்களுக்கு நற்செய்தி அறிவிக்கச் சென்ற இடத்தில், குராராய் ஆற்றங்கரையில் நண்பர்கள் நால்வரோடு ஈட்டிகளால் குத்தப்பட்டு மரித்தார். அப்போது அவருக்கு வயது 32. அவருடைய மஞ்சள் நிறப் பைப்பர் விமானத்தின் துணி கிழித்தெறியப்பட்டது. மணலில் புதைந்துபோன அதன் சட்டம் 1994-இல் கண்டெடுக்கப்பட்டது. சந்தையில் அதற்கு ஒரு விலையும் இல்லை. ஆனால் நேட்டின் பிள்ளைகளில் இருவர், பின்னாளில் அதே ஆற்றில், தங்கள் தகப்பனைக் கொன்ற கூட்டத்திலிருந்து மனந்திரும்பியவர்களின் கைகளால் ஞானஸ்நானம் பெற்றார்கள். இதை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

பிரியமானவர்களே, இந்தக் கணக்கு நம் ஆலயத்திற்கும் பொருந்தும். மின்விசிறியில் பெயர் எழுதிக் கொடுக்க ஆட்கள் உண்டு. மின்கட்டண ரசீதில் பெயர் எழுத இடமில்லை. ஊழிய வாகனம் வாங்கும் நாளில் பிரதிஷ்டை ஜெபமும் புகைப்படமும் உண்டு. அதன் டயர் தேய்ந்த நாளில் பொருளாளர் தனியே நிற்கிறார். தூரதேசத்து மிஷனெரியை அனுப்பும் ஆராதனையில் கண்ணீர் வடிக்கிறோம்; ஏழாம் ஆண்டில் அவருடைய பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் நம் நினைவுக்கு வருகிறதில்லை. வாங்குவதற்கு ஒரு நாளின் உற்சாகம் போதும். காத்து நடத்துவதற்கு வருடக்கணக்கான உண்மை வேண்டும்.

ஆகவே ஆண்டவர் நம்மைக் கணக்குப் பார்க்கச் சொன்னது, நாம் பின்வாங்குவதற்காக அன்று, முடிவுவரை நிற்பதற்காக. இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் முன்பு உற்சாகமாய்க் கொடுத்த ஒரு காணிக்கையை நினைவுகூருங்கள். அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பழுதுபட்டு ஒரு மூலையில் கிடந்தால், அதைச் சீராக்குவதே உங்கள் அடுத்த காணிக்கையாக இருக்கட்டும்.

ஜெபம்: எங்களை மீட்கும் செலவை முழுவதும் அறிந்தே சிலுவைக்குச் சென்ற ஆண்டவரே, தொடங்கினதை முடிக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். பெயர் எழுதப்படாத இடத்திலும் கொடுக்கும் மனதைத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.