பட்டறை முந்தியா, அடுப்படி முந்தியா?

ராயப்பன்பட்டிப் பக்கம் வீட்டு வேலை ஒரே மூச்சில் முடிவதில்லை. திராட்சை அறுப்புக் காசு கைக்கு வந்தால் பின்கட்டில் ஓர் அறை எழும்பும். அடுத்த அறுப்புக்குத் தளம். மகனோ மகளோ வெளியூரில் வேலைக்குச் சேர்ந்து பணம் அனுப்பத் தொடங்கினால் டைல்ஸ். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பன்னீர் திராட்சை அறுப்புக்கு நிற்கும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. விலை ஏறினால் கொத்தனார் வருவார், இறங்கினால் சாரம் கட்டியது கட்டியபடி நிற்கும். பனிமய மாதா திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்குவதற்குள் முன்பக்கத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்துச் சமாளிப்பார்கள். இத்தனைக்கும் நடுவே குடும்பம் எங்கே இருக்கும்? அதே வீட்டில்தான். வாடகைக்குப் போய் இருந்துவிட்டு, வேலை முடிந்தபின் பால் காய்ச்சித் திரும்புவதெல்லாம் வசதிப்பட்டவர்களுக்கு.

அடுப்படியை இடித்துப் போட்ட வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் நிலவரம் தெரியும். கேஸ் அடுப்பு தாழ்வாரத்து மூலையில், காற்றுக்கு ஒரு தகரம் மறைப்பு. கிரைண்டர் கட்டிலுக்குப் பக்கத்தில். மிளகாய்த்தூள் டப்பா எந்தச் சாக்கில் இருக்கிறது என்பது வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். வாசலில் ஆசாரி நிலைக்காலை இழைக்கிறார். இழைப்புளியிலிருந்து உருண்டு விழும் சுருளை எடுத்துப் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். அதுவரை நல்லதுதான். மின்ரம்பத்தைப் போட்டதும் மாவு மாதிரித் தூள் கிளம்பிக் கொடியில் காயும் துணி, மூடாத குடம், தொட்டில் என்று எல்லாவற்றிலும் படிகிறது. “ஆசாரியண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ளயாச்சும் அடுப்படிய விட்ருவீகளா?” “விட்ருவோம் தாயி, கதவு மட்டுந்தான் பாக்கி.” அந்தக் கதவு மூன்று வாரம் இழுக்கும்.

மரவேலையும் வீட்டு வேலையும் குடும்பமும் ஒரே கூரைக்குள் ஒத்துப் போகுமா என்று யோசிக்கும்போது, நம் மண்ணோடு தொடர்புள்ள இருவரை அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா, புதுச்சேரியில் வேலை பார்த்த ஜப்பானிய-அமெரிக்கர். இன்னொருவர் லாரி பேக்கர், நமக்கு மலைக்கு அந்தப் பக்கம் குடியிருந்த ஆங்கிலேயர். லோயர்கேம்ப் வழியாகக் குமுளி ஏறிப் பீர்மேடு பக்கம் போனால் வரும் வாகமண்ணில் 1963 முதல் சில ஆண்டுகள் அவர் குடும்பம் இருந்தது. இங்கிருந்து ஏலத் தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் போகிறவர்களுக்கு அது ஒன்றும் தூர தேசமல்ல.

இருவருமே படித்துப் பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர்கள். இருவருமே தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். வித்தியாசம், எதை முதலில் கட்டினார்கள் என்பதில் தொடங்குகிறது.

நகாஷிமா 1905இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்தவர். டோக்கியோவில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்து, அவர் வழியாகப் புதுச்சேரிக்கு வந்தார். அரவிந்தர் ஆசிரமத்துக்காக ‘கோல்கொண்டா’ என்ற விடுதி எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. சறுக்கித் திறக்கும் தேக்குக் கதவுகளும், வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் பலகை அடுக்குகளும் கொண்ட அந்தக் கான்கிரீட் கட்டடத்தை இன்றும் கட்டடக் கலை மாணவர்கள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். வேலையைக் களத்திலிருந்து நடத்திய நகாஷிமா ஆசிரமவாசியாகவே மாறினார். சம்பளம் வேண்டாம் என்றார். சுந்தரானந்தா என்று பெயரும் பெற்றார். அப்போது அவர் தனிக்கட்டை. வேலையும் வாழ்க்கையும் ஒன்று என்று சொல்வது தனிக்கட்டைக்குச் சுலபம்.

சோதனை அதற்குப் பிறகு வந்தது. அமெரிக்காவுக்குத் திரும்பி, 1941இல் மரியன் ஒகாஜிமாவைக் கல்யாணம் செய்தார். அடுத்த ஆண்டு மகள் மீரா பிறந்தாள். ஜப்பானோடு போர் மூண்டிருந்ததால், ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முள்வேலிக்குள் அடைத்துக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு இந்தக் குடும்பமும் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்குப் போனது. அங்கே கெந்தாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சரிடம் உதவியாளாக நின்று, கிடைத்த துண்டுப் பலகைகளை வைத்து நகாஷிமா தொழிலைக் கற்றார். பெரிய படிப்புப் படித்துவிட்டு ஆசாரியிடம் கைவேலை பழகியவர் என்பதை நம்மூர்க்காரன் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வான். 1943இல் ரேமண்ட் பொறுப்பேற்று அவர்களை விடுவித்து, பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரிலிருந்த தம் பண்ணைக்கு அழைத்துக்கொண்டார்.

அந்த ஊரிலேயே பிறகு கொஞ்சம் நிலம் அமைந்தது. அதில் நகாஷிமா முதலில் எழுப்பியது பட்டறை. வீடு அதற்கப்புறம், கையிருப்புக்கும் கிடைத்த கல்லுக்கும் மரத்துக்கும் தக்கபடி. அதுவரை மனைவிக்கும் பிள்ளைக்கும் சொந்தக் கூரை இல்லை. முதல் வாசிப்பில் இது எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. ஆனால் கணக்குப் போட்டால் வேறு விதமாகத் தெரிகிறது. மேசை, நாற்காலி விற்றால்தான் சோறு; பட்டறை இல்லாமல் மேசை இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பட்டறையும் வீடும் ஒரே நிலத்தில் இருந்தும் தனித்தனிக் கட்டடங்கள். தூளும் இரைச்சலும் அங்கே, தொட்டிலும் அடுப்பும் இங்கே. அறுத்த பலகைகள் வருடக்கணக்கில் காற்றில் ஆறினாலும் அவை ஆறும் இடம் குடும்பம் படுக்கும் இடமல்ல.

பேக்கர் கதை நேர் எதிர். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். சீனாவில் போர்க்கால மருத்துவப் பணி பார்த்தவர், தொழுநோய் மருத்துவமனைகளின் கட்டட வேலைக்காக இந்தியாவுக்கு வந்தவர். 1948இல் கேரளத்துக்காரரான மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்தார். கல்யாணமான கையோடு இமயமலையில் பித்தோராகருக்குப் போனவர்கள் சுமார் பதினைந்து ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டையும் மருத்துவமனையையும் உள்ளூர்க் கல்லாலும் மரத்தாலும் கட்டினார் பேக்கர். அவர்கள் அன்றாடத்தின் நடுவில் இருந்தது எலிசபெத்தின் மருத்துவம். கட்டட வேலை அதைச் சுற்றி வளைந்து கொடுத்தது. நகாஷிமா வீட்டில் அச்சாணி கணவனின் உளி என்றால், இங்கே மனைவியின் ஸ்டெதஸ்கோப்.

வாகமண்ணுக்குப் பிறகு அவர்கள் திருவனந்தபுரத்துக்கு வந்து, நாலாஞ்சிறையில் தண்ணீருக்கே தடுமாறும் ஒரு பாறைச் சரிவில் குடியேறினார்கள். ‘ஹேம்லெட்’ என்று பெயர். சின்னதாகத் தொடங்கி, தேவைப்பட்டபோது ஒரு மூலை, ஆள் சேர்ந்தபோது ஓர் அறை என்று சேர்த்துச் சேர்த்துக் கட்டியது. இடித்த வீடுகளிலிருந்து வந்த கதவு, சன்னல், மரச்சட்டங்கள். உடைந்த ஓடு, உடைந்த பீங்கான், காலி பாட்டில்கள். மரத்தை வெட்டாமல் சுவரை ஒதுக்கிக் கட்டினார். ராயப்பன்பட்டிக்காரருக்கு இதில் எதுவும் புதிதாகத் தெரியாது. பழைய நிலையைப் பிடுங்கிப் பின்கட்டுக்கு வைப்பதும், பரண் பலகையைப் பெட்டியாக அடிப்பதும், சில்வர் ஓக்கோ பலாவோ மலையிலிருந்து மலிவாக வந்தால் வாங்கிப் போட்டு வைப்பதும் நமக்குப் பழகியதே.

ஆனால் பேக்கரின் முறை நம் முறை என்று சொல்லிக்கொள்வதற்கு முன் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நாமும் துண்டு துண்டாகக் கட்டுகிறோம். அவர் ஒரு துண்டைக் குடியிருக்கத்தக்கதாக்கிவிட்டு அடுத்ததைத் தொட்டார். நாம் அடுப்படியை இடித்துவிட்டு, அது பூச்சுக்கு நிற்கும்போதே கையில் காசு இருக்கிறதென்று மாடிப்படிக்குக் கம்பி கட்டுகிறோம். பூச்சு ஈரம் காயாத அறை, கதவில்லாத குளியலறை, ஒயர் தொங்கும் கூடம் என்று மூன்று அரைகுறைகளுக்கு நடுவே பிள்ளை பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறது. சண்டை வருவது வேலையினால் அல்ல, இந்த அரைகுறையினால் என்பது என் கட்சி.

அந்தச் சண்டையில் பாரம் சமமாக விழுவதுமில்லை. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97. இது அடுப்படி ஒழுங்காக இருக்கிற நாளின் கணக்கு. தாழ்வாரத்தில் சமைத்து, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் டீ போட்டு, மறுபடி மறுபடி தூசி துடைக்கிற நாளை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. நியூ ஹோப்பிலும் மேசையடியில் கையெழுத்து நகாஷிமாவுடையது. வியாபாரத்தைக் கட்டிக் காத்தவர் மரியன். எலிசபெத் ஒருவர்தான் இந்த விஷயத்தில் தன் பங்கைத் தானே எழுதி வைத்தவர். பேக்கரின் மறுபக்கம் என்ற பொருள்படும் தலைப்பில் அவர் நினைவுக்குறிப்பு ஒன்று ஆங்கிலத்தில் இருக்கிறது.

பேக்கர் வழியில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பழைய கதவை வாங்கி வந்து வீட்டு வாசலிலேயே உப்புத்தாள் போட்டுச் சுரண்டுகிறோம். பழைய பெயிண்டில் ஈயம் உண்டு. பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய கதவைச் சுரண்டினால் அந்தப் பொடி தவழும் பிள்ளையின் கைக்குப் போய், கையிலிருந்து வாய்க்குப் போகும். மரத்தூளும் சாதுவல்ல, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. காதில் சுருளை மாட்டித் திரியும் பிள்ளைக்கு இழைப்புளியால் ஆபத்தில்லை, மின்ரம்பத்தால் உண்டு. இந்த இடத்தில் நகாஷிமா சரி, பேக்கர் அரைச் சரி. பட்டறை தனியாக இருக்க வேண்டும். தனிக் கட்டடம் நமக்கு முடியாது. அறுப்பையும் இழைப்பையும் உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ ஒரு மரப்பட்டறையில் முடித்து, வீட்டில் பூட்டுவதை மட்டும் வைத்துக்கொள்ள முடியும். ஆசாரிகளில் பலர் இப்போது அப்படித்தான் கேட்கிறார்கள். வண்டிக்கூலியை மிச்சம் பிடிக்க வீட்டுக்காரர்கள்தான் “வாசல்லயே வச்சுச் செஞ்சிரலாமே” என்கிறார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் தீர்ப்புச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நகாஷிமா, மகளுக்குச் சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு வீடு கட்டிக்கொடுத்துப் பக்கத்தில் வரவழைத்தார். 1970 முதல் அவரோடு வேலை பார்த்த மீரா, 1990இல் அவர் இறந்தபின் பட்டறையைப் பொறுப்பேற்று நடத்தினார். தந்தையின் வடிவமைப்பில் மீராவின் மேற்பார்வையில் செய்யப்பட்ட, உலக அமைதிக்கான மேசைகளில் ஒன்று ஆரோவிலில் இருக்கிறது. அப்பாவின் தொழில் பிள்ளையின் வாழ்க்கையைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டதா, வாழவைத்ததா? இரண்டுமாக இருக்கலாம். மகன் நம் திராட்சைத் தோட்டத்தையே பார்க்கட்டும் என்று வீட்டுக்கு மேல் மாடி கட்டிவைக்கிற தகப்பன்கள் நம்மூரிலும் உண்டு. அவர்களைக் கேட்டால் இதற்கு வேறு வேறு பதில் கிடைக்கும்.

வேலையின் வரிசைக்குப் பேக்கர், வேலையின் இடத்துக்கு நகாஷிமா. இரண்டையும் சேர்த்துத்தான் நம் வீடுகளுக்கு ஓர் ஒப்பந்தம் பேச வேண்டும்: அடுப்படி முடிந்து கதவு பூட்டும்வரை வேறு சுவரில் சுத்தியல் விழக் கூடாது, மின்ரம்பம் வாசலுக்கு வரக் கூடாது. இதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும். பேச்சு நடக்கும் இடம் திண்ணை, பேசுகிறவர்கள் ஆம்பளைகள். அடுப்படியை என்றைக்கு இடிக்கிறார்கள் என்பது, எல்லாம் முடிவாகி அவர்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுக்கும்போதுதான் அந்த வீட்டம்மாவுக்குத் தெரிய வருகிறது.