பழஞ்சேலையும் தாய்வீடும்

1896இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர் வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கியது துறவு. சுற்றுக் கிராமத்துப் பெண் கிழிந்ததைத் தைத்து உடுத்தியது குடித்தனம். அம்மாவின் நைந்த நூல்சேலை மகளுக்குத் தாவணியாகும், அவள் பிள்ளைக்குத் தூளியாகும், கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகும். ஆகவே பழந்துணியை வறுமையின் அடையாளம் என்று மட்டும் சொன்னால் போதாது. தாய்வீட்டு உரிமையும் அதில் தொடர்ந்தது. இல்லாமைக்குப் பூச்சூட்டுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பூப்பெய்தியவள் அன்று உடுத்திய துணி வழக்கப்படி வண்ணார் வீட்டுக்குப் போனது. அங்கே அது சாதி விதித்த கூலி. ஒரே பழந்துணி ஒருத்திக்கு உறவு, இன்னொருத்திக்கு இழிவு. எனவே வீடு என்ற உணர்வைத் துணியின் வயது தீர்மானிக்கவில்லை. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இருந்த உறவே தீர்மானித்தது. பழஞ்சேலைக்கு எவர்சில்வர் கிண்ணம் தரும் பாத்திரக்காரரிடம் வாசலில் பேரம் பேசியபோதுதான், அந்தத் துணியின் மதிப்பைச் சொல்லும் வாய்ப்பு கிராமத்துப் பெண்ணுக்குக் கிடைத்தது.